கேட்டை எங்கே இருக்கிறது? ஜவ்வாது மலையில் சில இரவுகள்

ஜனவரி 30, 2025, வியாழன்

நேற்று தை அமாவாசை. இன்று கிளம்பியதற்குக் காரணம் அதுதான். விண்மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு நாள் குறிப்பது எளிது: அமாவாசையை ஒட்டி முன்னும் பின்னும் நான்கைந்து நாள்கள். முழு நிலவு காய்கிற இரவில் எந்த மலைக்குப் போனாலும் மங்கலான விண்மீன்கள் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். மாதமும் முக்கியம். தையும் மாசியும் தமிழ்நாட்டுக்கு நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கோடைப் புழுதி இன்னும் கிளம்பியிருக்காது, ஆண்டிலேயே ஒளி மிகுந்த விண்மீன்கள் இருட்டியதும் உச்சியை நோக்கி ஏறத் தொடங்கியிருக்கும்.

சென்னையிலிருந்து ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் ஆலங்காயம், பிறகு மலைப்பாதையில் ஜமுனாமரத்தூர். என்னுடன் அத்தை வந்திருக்கிறார்; அப்பாவின் தங்கை, வயது 65. எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனும் இருக்கிறான். இருவருக்கும் வானம் புதிது. ஆனால் அத்தை அசுவினியில் தொடங்கி ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரங்களையும் மூச்சு விடாமல் சொல்வார். குடும்பத்தில் யார் எந்த நட்சத்திரம், எத்தனையாம் பாதம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றையாவது வானத்தில் காட்டச் சொன்னால் தெரியாது. தெரிந்துகொள்ள வாருங்கள் என்று அவரை யாரும் அழைத்ததும் இல்லை.

நம் வீடுகளில் பெரும்பாலானோர் நிலை இதுதான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்கிறோம், ஜாதகத்தில் எழுதி வைக்கிறோம். அந்தப் பெயருக்கு உரிய ஒளி இன்றிரவும் மேலே இருக்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம் என்பதை ஒருவரும் காட்டித் தருவதில்லை. இந்தப் பயணத்தில் அதைத்தான் செய்ய விரும்புகிறேன். ஆளுக்கு ஒரு விண்மீன், அவரவர் நட்சத்திரம்.

கொண்டுவந்தவை: ஒரு பைனாகுலர், மாதவாரியான விண்மீன் வரைபடம், சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச், கோரைப் பாய், கம்பளி. தொலைநோக்கி எடுத்து வரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தொலைநோக்கி வாங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். தொலைநோக்கி வானத்தின் மிகச் சிறிய துண்டைத்தான் காட்டும். எந்தத் துண்டைப் பார்க்கிறோம் என்று தெரியாதவர்கள் நாலாம் நாள் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பைனாகுலரில் 10x50 என்று போட்டிருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். கையில் பிடித்துப் பார்க்க இதற்கு மேல் வேண்டாம். அதற்கும் முன்னால் வெறும் கண்ணால் சில இரவுகள் பழக வேண்டும்.

நாங்கள் தங்கியிருப்பது ஊரைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்து வீட்டில். வீட்டுக்கார அக்கா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார். வீட்டை ஒட்டியே களம் இருக்கிறது. மேலே மரக்கிளை இல்லை, நாற்புறமும் திறந்த வெளி. காட்டுக்குள் போய் இருட்டு தேட வேண்டாம், கரடி நடமாட்டம் உண்டு என்று அக்கா சொல்லிவிட்டார். களமே எங்களுக்குப் போதும். வாசல் விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டதும், எதற்கு என்றுகூடக் கேட்காமல் அணைத்துவிட்டு அவரும் பாயில் வந்து உட்கார்ந்தார்.

முதல் அரை மணி நேரம் எதையும் காட்டவில்லை. இருட்டில் கண்மணி விரிவது சில நொடிகளில் நடந்துவிடும். விழித்திரையில் மங்கலான ஒளிக்கென்று இருக்கும் செல்கள் முழுத் திறன் பெற 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரு முறை செல்போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அந்தச் செல்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது என்பதால்தான் டார்ச்சுக்கு அந்தத் தாள். பையன் போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தான். எட்டு மணியளவில், "சித்தி, இவ்வளவும் முன்னாலேயே இருந்ததா?" என்று கேட்டான்.

இந்தப் பருவத்தில் தொடங்க வேண்டிய இடம் ஓரியன், வேட்டைக்காரன். தெற்கே பார்த்து நின்று தலையை நன்றாக நிமிர்த்தினால் ஒரே வரிசையில் சம இடைவெளியில் மூன்று விண்மீன்கள். அதைத் தவறவிட முடியாது. அந்த மூன்றும்தான் எங்களுக்கு வழிகாட்டி. அந்த வரிசையை இடது பக்கம் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ், இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீன். வலது பக்கம் மேல்நோக்கி நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி. இன்னும் நீட்டினால் கார்த்திகைக் கூட்டம். மூன்று விண்மீன்களுக்கு மேலே இடப்புறத் தோளில் சிவந்து தெரிவது திருவாதிரை.

ரோகிணி பையனின் நட்சத்திரம். அதற்குப் பக்கத்திலேயே அதைவிடப் பல மடங்கு பளிச்சென்று ஒன்று இருந்ததால், அதுதான் ரோகிணி என்று அவன் அடம்பிடித்தான். அது வியாழன். விண்மீன் மினுக்கும், கோள் பெரும்பாலும் நிலையாக ஒளிரும் என்று சொல்லி இரண்டையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னேன். பைனாகுலரைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பிடித்தபோது வியாழனை ஒட்டி மிகச் சிறிய புள்ளிகள் தெரிந்தன. 1610இல் கலிலியோ கண்ட நிலவுகள் அவை. அவரது கருவியைவிட அவன் கையிலிருப்பது தெளிவாகக் காட்டுகிறது என்றதும் பையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

திருவாதிரை என் நட்சத்திரம். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. தானே உமிழ்ந்த தூசு முன்னால் வந்து மறைத்ததுதான் பெருங்காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரங்களில் மொட்டை மாடியில் நின்று பக்கத்து விண்மீன்களோடு அதை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பெயரளவில் சொந்தமாக இருந்த ஒன்று எனக்கு உண்மையாகவே சொந்தமானது அப்போதுதான்.

அத்தை தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. "உன் அப்பா மகம். அது இருக்கிறதா?" என்றார். பத்து மணிக்குக் கிழக்கே நன்றாக எழுந்திருந்தது, வெண்ணீலமாக. எங்களிடமிருந்து 79 ஒளியாண்டு தூரம்; அதன் ஒளி இங்கே வந்து சேர 79 ஆண்டு ஆகும். அப்பா இறந்தபின் திதி கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறோம். அத்தை எழுந்து நின்று வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, "நாளைக்கும் இதே இடத்தில் இருக்குமா?" என்று கேட்டார். நான்கு நிமிடம் முன்னதாக வரும் என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

பகலில் கோமுட்டேரிப் பக்கம் நடந்துவிட்டு வந்து தூங்கினோம். இரவில் விழித்திருக்க வேண்டுமென்றால் பகல் தூக்கம் அவசியம்.

இன்றைய மாலை வானத்தை விரிவாக எழுத வேண்டும். இந்த மாதம் முழுக்கச் செய்திகளில் 'கோள்களின் அணிவகுப்பு' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தேயாக வேண்டிய காட்சிதான். ஆனால் கோள்கள் ஒரு நாளைக்கென்று வரிசையில் வந்து நிற்பதில்லை. சூரியனைச் சுற்றும் பாதைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடப்பதால், பூமியிலிருந்து பார்க்கும்போது கோள்களும் நிலவும் சூரியனும் எப்போதும் வானத்தில் ஒரே பாதையிலேயே நடக்கின்றன. இப்போது அவற்றில் பல மாலை வானில் ஒன்றாக இருக்கின்றன. அவ்வளவுதான்.

ஆறரை மணிக்கு மேற்கில் வெள்ளி. அதற்குக் கீழே மங்கலாகச் சனி. சனிக்கும் கீழே மூன்றாம் பிறை, அதன் இருண்ட பக்கமும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பூமியில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி நிலவின் இரவுப் பகுதிக்குப் போய் அங்கிருந்து நம்மிடம் திரும்பி வருகிறது. உச்சிக்குக் கிழக்கே வியாழன், வடகிழக்கில் புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களுக்குப் பக்கத்தில் செவ்வாய். பையன் கையை நீட்டி மேற்கிலிருந்து கிழக்குவரை ஒரு வளைவு வரைந்தான். பிறை, சனி, வெள்ளி, வியாழன், செவ்வாய் எல்லாம் அந்த வளைவை ஒட்டியே கிடந்தன. சூரியனின் பாதையை ஒரு சிறுவன் விரலால் வரைந்து கண்டுகொண்டான். இதற்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

அத்தை தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழித்துப் பையில் கொண்டுவந்திருந்தார். இன்று சதயம் என்று போட்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து இருபத்தேழின் கணக்கைச் சொன்னேன். நிலவு விண்மீன்களுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றிவர 27 நாள்களுக்குச் சற்று அதிகம் ஆகிறது. எனவே அதன் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு விண்மீனையோ விண்மீன் கூட்டத்தையோ அடையாளம் வைத்தார்கள். 360 பாகையை 27ஆல் வகுத்தால் பதின்மூன்று பாகையும் மூன்றில் ஒரு பங்கும் வரும். கையை முழுக்க நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்துப் பாகை. முட்டியோடு இரண்டு விரலைச் சேர்த்தால் நிலவின் ஒரு நாள் நடை. "சதயத்தில் சந்திரன் என்றால் அங்கேதான் நிற்கிறதா?" என்று அத்தை கேட்டார். அங்கேதான். பிறையைச் சனியோடு சேர்த்து நோட்டில் வரைந்து வைத்துக்கொள் என்று பையனிடம் சொன்னேன். நாளை அதே நேரத்தில் மறுபடி வரைய வேண்டும்.

பிறை மறைந்ததும் தெற்கு. சிரியஸுக்குக் கீழே, அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில், அகத்தியர் நட்சத்திரம். வானத்தில் இரண்டாவது ஒளிமிக்க விண்மீன் இது. வடக்கே போகப் போகத் தாழ்ந்துகொண்டே போகும். டெல்லியில் ஒன்பது பாகைகூட ஏறாது, லண்டனில் உதிப்பதே இல்லை. நமக்கு வீட்டு மொட்டை மாடியிலிருந்தே கிடைக்கிற செல்வம். தெற்கு வானம் என்று வரும்போது தமிழ்நாட்டுக்காரர்கள் எத்தனை கொடுத்து வைத்தவர்கள் என்பதை நாம் உணர்வதே இல்லை.

அதற்கு ஈடாக வடக்கில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் பன்னிரண்டரை பாகையில்தான் நிற்கிறது. துருவத்தின் உயரம் என்பது நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. மரங்கள் மறைக்காத பக்கமாக நகர்ந்து போய்த்தான் பார்க்க முடிந்தது. வானத்திலேயே பெரிய வெளிச்சம் அதுதான் என்று நினைத்திருந்த வீட்டுக்கார அக்கா ஏமாந்துபோனார். நடுத்தர ஒளிதான். மற்ற எல்லாம் நகரும்போது அது நகராமல் நிற்பதே அதன் பெருமை.

நள்ளிரவுக்கு வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் முழுக்க எழுந்துவிட்டது. வால் பக்கத்திலிருந்து இரண்டாவது விண்மீன் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. நல்ல பார்வை உள்ளவர்களுக்கு வெறும் கண்ணிலேயே பிரிந்து தெரியும், பைனாகுலரில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு ஆனி மாதத்தில் காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம். அம்மி மிதிக்க வைத்து மண்டபத்து வாசலுக்குக் கூட்டிப்போய், "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டார்களாம். தெரிகிறது என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன் என்றார். இன்று பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "தெரிகிறது" என்றார்.

அப்போதுதான் பையன் கேட்டான்: "பாட்டி, உங்கள் நட்சத்திரம் என்ன?"

"கேட்டை."

"அது எங்கே சித்தி?"

இன்னும் எழவில்லை என்றேன். இந்த மாதத்தில் அதிகாலை இரண்டரை மணிக்கு மேல்தான் தென்கிழக்கில் உதிக்கும், நான்கரைக்கு நன்றாகத் தெரியும். அத்தை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். கேட்டையில் பிறந்த பெண் கணவனின் மூத்த சகோதரனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லித்தான் வந்த ஜாதகங்கள் எல்லாம் திரும்பிப் போயின. அண்ணன் இல்லாத மாப்பிள்ளை, அதாவது வீட்டின் மூத்த மகன் வேண்டும் என்று தேடித் தேடி, அத்தைக்குத் திருமணம் ஆனபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தில் அது என்ன பேச்சுகளைக் கேட்க வைத்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிப்ரவரி 1, சனி

இன்று காவலூர். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியிலேயே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். போவதற்கு முன் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

1960களில் வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இருட்டும் தெளிந்த வானமும் மட்டும் காரணமில்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே இருப்பதால் வட வானமும் தென் வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து கிடைக்கும். நேற்று இரவு அகத்தியரையும் துருவத்தையும் ஒரே களத்தில் நின்று பார்த்தோமே, அதே காரணம்தான். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. அது கொடைக்கானல் பட்டறையில் செய்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த ஆண்டே வியாழனின் நிலவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அதில் பார்த்து, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோதும் இங்கிருந்து பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்துகொண்ட நிகழ்வு அது. 1988இல் இங்கே கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பெரிய குவிமாடத்துக்குள் நிற்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் கண்ணாடியைத் தீட்டியதும் கருவியைக் கட்டியதும் இந்தியாவில்தான். பாப்பு 1982இல் காலமாகிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1986 ஜனவரியில், பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது பாப்புவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கையில், இதைக் கனவு கண்டவர் இதன் வழியாக ஒரு விண்மீனைக்கூடப் பார்க்கவில்லையே என்பது என்னை உலுக்கியது.

மாலையில், பொதுமக்களுக்கென்று வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கியின் முன் வரிசை நின்றது. வெள்ளியைக் காட்டினார்கள். வட்டமாக இல்லை, பாதிக்கும் குறைவாகத் தேய்ந்து, ஒரு குட்டி நிலவாகவே நின்றது. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் நிலாவைத்தான் காட்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, தலையைத் தூக்கி உண்மையான நிலாவைப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணை வைத்தார். வெள்ளி பூமியின் பாதைக்கு உள்ளே சூரியனைச் சுற்றுவதால் வளர்ந்து தேய்கிறது என்று பாடத்தில் படித்தவர்களும் ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் பழைய உறவும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளில் விளக்கி எழுதினார். கருவி இருந்த இடத்திலேயே அதை ஊருக்குச் சொல்லும் மனமும் இருந்திருக்கிறது.

சனியின் வளையம் இந்த ஆண்டு ஏறக்குறைய கோடாகத்தான் தெரிகிறது. வருகிற மார்ச்சில் பூமி அந்த வளையங்களின் தளத்தைக் கடக்கப் போகிறது. அகன்ற வளையத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் பொறுமை வேண்டும்.

வானாய்வகத்து முற்றத்திலேயே பையன் நோட்டைத் திறந்தான். நேற்று சனிக்குக் கீழே இருந்த பிறை இன்று சனியைத் தாண்டி மேலே ஏறி, வெள்ளிக்குப் பக்கத்தில் போய் நின்றது. முட்டியையும் இரண்டு விரலையும் வைத்து அளந்தான், பொருந்தியது. அத்தை பையிலிருந்து இன்றைய தாளை எடுத்தார். பூரட்டாதி. அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வந்ததே, அதற்காகவே இந்த மலைக்கு இன்னொரு முறை வரலாம். எத்தனையோ ஆண்டுகளாகக் கிழித்துப் போட்ட தாள்கள் எல்லாம் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவை என்று அவருக்குக் கண்ணெதிரே தெரிந்துவிட்டது.

அவரே அடுத்ததையும் சேர்த்தார்: "அப்படியென்றால் தைப்பூசம் அன்று பௌர்ணமி நிலா பூசத்தில் நிற்குமா?" நிற்கும். மாசி மகத்தில் மகத்தருகே, பங்குனி உத்திரத்தில் உத்திரத்தருகே. முழு நிலவு சூரியனுக்கு நேரெதிரே இருப்பதால், அந்த விண்மீன் அந்த மாதம் இரவு முழுக்க வானில் இருக்கும். தன் நட்சத்திரத்தை எந்த மாதம் தேட வேண்டும் என்பதற்குத் தமிழர்களுக்குப் பண்டிகைகளே அட்டவணை.

திரும்பும் வழியில் அத்தை, "நாளைக்கு ஊருக்குப் போகிறோம் இல்லையா? நான்கு மணிக்கு எழுப்பு" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு, காலை

நான்கு மணிக்கு நான் எழுப்புவதற்கு முன்பே அத்தை பாயில் உட்கார்ந்திருந்தார். குளிர் கடுமை. பனியில் பைனாகுலரின் கண்ணாடி மங்கியது. துணியால் தேய்க்காமல் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி எடுத்தோம்.

முந்தின இரவில் பார்த்த வானம் பெரும்பாலும் மாறிவிட்டிருந்தது. திருவாதிரை மேற்கில் அமிழ்ந்துவிட்டது. தெற்கே சிலுவை நிமிர்ந்து நின்றது, நம்மவர்கள் திரிசங்கு என்று சொல்வது. அதற்கு இடப்பக்கம் இரண்டு ஒளிமிக்க விண்மீன்கள். அவற்றில் கிழக்கே இருப்பது ஆல்ஃபா சென்டாரி, நான்கு ஒளியாண்டுக்குச் சற்றே அதிகமான தூரத்தில் நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம். சிலுவைக்கு மேலே பைனாகுலரைத் திருப்பினால், மாவைச் சிந்தியதுபோல் ஒரு வட்டத் திட்டு: ஒமேகா சென்டாரி, பல லட்சம் விண்மீன்கள் திரண்ட கொத்து. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. பையன் அதைவிட்டு நகர மறுத்தான்.

தென்கிழக்கில் தேள். வரைபடத்தில் பார்த்த உருவமும் வானத்தில் காணும் உருவமும் இவ்வளவு ஒத்துப்போகிற விண்மீன் கூட்டம் வேறில்லை. முன்னால் தலையின் விண்மீன்கள், அனுஷம். வளைந்த வாலின் முனை, மூலம். நடுவில் செக்கச் சிவந்து கேட்டை.

"அந்தச் சிவப்பா?" என்றார் அத்தை.

அதுதான் என்றேன். ஏறக்குறைய 550 ஒளியாண்டு தூரம். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதை வரை விழுங்கிவிடும், பூமி அதன் வயிற்றுக்குள் இருக்கும். இன்று நாம் பார்க்கும் ஒளி கிளம்பியபோது விஜயநகரப் பேரரசு இருந்தது. அத்தை கணக்கெல்லாம் கேட்டுக்கொண்டே பைனாகுலரை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார், மறுபடி வாங்கினார்.

"நான் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சமா இது?"

"ஆமாம் அத்தை."

"எங்கள் வீட்டுக்கு வந்து போன தரகருக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும்" என்றார். குரலில் கசப்பு இல்லை, வருத்தம் இருந்தது. சற்று நேரம் கழித்து, "இந்த வரிசையிலேயே இதுதான் அழகாக இருக்கிறது" என்றார்.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு பெண்ணின் இளமையில் இத்தனை ஆண்டுகளைப் பறித்துக்கொண்ட பேச்சுக்கும் இந்த விண்மீனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பறித்தவர்கள் மனிதர்கள். உங்கள் வீட்டில் கேட்டையோ மூலமோ ஆயில்யமோ சொல்லி ஒதுக்கப்பட்ட ஒருவர் இருந்தால், அவரை ஓர் இருட்டான இடத்துக்கு அழைத்துப் போய் அந்த விண்மீனை நேரில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டையை ஊர் விளக்குகளுக்கு நடுவிலும் காணலாம். மூலத்துக்கு இருண்ட தென்அடிவானம் வேண்டும். ஆயில்யம் மங்கலானது, இந்த மாதிரி மலை வேண்டும்.

அதிகாலையில் எழ முடியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. அடுத்த அமாவாசைகள் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் இறுதியிலும் வருகின்றன. மகமும் உத்திரமும் பார்க்க ஏற்றவை. ஏப்ரல் 27 அமாவாசையின்போது சித்திரையும் சுவாதியும் முன்னிரவிலேயே ஏறி நிற்கும். அன்று இரவு ஒன்பது மணியையொட்டிக் கேட்டை உதிக்கும், பதினொரு மணிக்குத் தெளிவாகப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவ மேகம் வருவதற்கு முன் கிடைக்கிற கடைசி நல்ல வாய்ப்பு அது. வீட்டுக்கார அக்காவிடம் ஏப்ரல் 26, 27 தேதிகளுக்கு அறையைச் சொல்லி வைத்துவிட்டோம். அத்தை தன் மகளையும் அழைத்து வருகிறாராம். அவள் நட்சத்திரம் சுவாதி.